கமாண்ட் லைன் கருவியை வெளியே நின்று சோதியுங்கள்

முதலில் கருவி என்னவென்று சொல்லிவிடுகிறேன், அப்புறம்தான் மற்றதெல்லாம் புரியும். பெயர் சீட்டு. பைத்தானில் எழுதியது, டெர்மினலில் கட்டளை அடித்து ஓட்டுவது, ஓப்பன் சோர்ஸ், பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் விடியற்காலையில் மீன் ஏலம் முடிந்ததும் கணக்குப்பிள்ளைகள் போனிலோ எக்செல்லிலோ அடித்து வைக்கிற ஏலச்சீட்டை சிஎஸ்வி ஃபைலாகக் கொடுத்தால், வரிகளில் தப்பு இருக்கிறதா என்று பார்க்கும், கூட்டித் தரும், டீசல், ஐஸ் செலவு போக மிச்சத்தைப் படகுக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரித்துத் தரும். சரிபார், கூட்டு, பங்கு என்று மூன்றே கட்டளை.

இந்த மாதிரி ஒரு கருவியை ஒற்றை ஆளாகப் பராமரிக்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சொல்ல வருவது ஒன்றுதான்: சோதனைகளில் பெரும்பகுதியைக் கருவிக்கு வெளியே நின்று எழுதுங்கள். உங்கள் ஃபங்ஷன் பெயர் எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது திரையில் என்ன வந்தது, எரர் எங்கே வந்தது, ஓடி முடிந்ததும் என்ன எண் திரும்பியது, ஃபோல்டரில் என்ன ஃபைல் கிடந்தது, இவ்வளவுதான். இதை நம்பி ஒருவர் ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருப்பார், இன்னொருவர் எக்செல்லில் மூன்றாவது நெடுவரிசையை இழுத்துக்கொண்டிருப்பார். நீங்கள் உள்ளே எதை வேண்டுமானாலும் புரட்டிப் போடலாம், இது மாறினால் அவர்கள் வேலை நின்றுவிடும்.

அதனால் பைத்தானின் சோதனைக் கருவியான பைடெஸ்ட்டில் என் சோதனைகள் பெரும்பாலும் ஒரே வடிவம்தான். ஒரு தற்காலிக ஃபோல்டர் உருவாக்கு (பைடெஸ்ட்டே கொடுக்கிறது), அதில் ஒரு சிஎஸ்வியை எழுது, சப்பிராசஸ் (தனிப் புரோகிராமாக ஓட்டும் வசதி) மூலம் கருவியை நிஜமாகவே ஓட்டு, வந்த அவுட்புட்டையும் எண்ணையும் பார். நேரடியாக ஃபங்ஷனைக் கூப்பிடுவதைவிட மெதுவாகத்தான் ஓடும். பரவாயில்லை, இருநூறு சோதனைக்குள் இருக்கும்வரை டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

ஒரே கட்டளை, நெட் இல்லாமல்

சோதனை முழுவதும் ஒரே கட்டளையில் ஓட வேண்டும். நான் மேக் (make) என்ற பழைய கட்டளையைப் பயன்படுத்துகிறேன், 1976-ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. டேப், ஸ்பேஸ் பஞ்சாயத்து இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் எந்த லினக்ஸிலும் கிடைக்கும், பத்து வருஷம் கழித்தும் ஓடும். ரெபோவை, அதாவது கருவியின் மூலத் தொகுப்பை, புதிதாக இறக்கியவர் மேக் டெஸ்ட் என்று அடித்தால் போதும், வேறு எதையும் படிக்கத் தேவையில்லை என்கிற நிலையில் வையுங்கள்.

அடுத்து, நெட் இல்லாமலும் அது ஓட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கடற்கரையில் வாடைக்காற்று கிளம்பி மழையும் சேர்ந்தால் கரண்டும் போகும், டவரும் போகும். கிளவுடில் ஓடும் சோதனையை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தால் அன்றைக்கு வேலை இல்லை. தேவையான பேக்கேஜ்களை, பைத்தான் பேக்கேஜ்களை நிறுவித் தரும் பிப்பின் டவுன்லோடு கட்டளை மூலம் ஒரு ஃபோல்டரில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், நிறுவும்போது இணையக் களஞ்சியத்தைப் பார்க்காதே, இந்த ஃபோல்டரிலிருந்து எடு என்று சொல்ல பிப்பில் ஆப்ஷன் இருக்கிறது. லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும்வரை வேலை நடக்கும். மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) கருவியும் அப்படித்தான், முழு வரலாறும் உங்கள் வட்டிலேயே இருக்கிறது.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிளவுடில் சோதனையை ஓட்டித் தரும் அந்தச் சேவை உங்களிடம் இல்லாத கணினிகளுக்காகத்தான் தேவை. லினக்ஸ், மேக்ஓஎஸ், விண்டோஸ் மூன்றிலும், நீங்கள் ஆதரிப்பதாகச் சொல்கிற பைத்தான் வெர்ஷன்களில் மிகப் பழையதிலும் மிகப் புதியதிலும் ஓட்டினால் போதும், நடுவில் இருப்பதையெல்லாம் ஓட்டி நேரத்தைக் கரைக்க வேண்டாம். பைத்தான் வெர்ஷன் ஒவ்வொன்றுக்கும் சுமார் 5 வருஷம்தான் ஆதரவு, அது முடிந்ததை நீங்கள் சுமக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

எக்ஸிட் கோடு

ஒரு புரோகிராம் முடியும்போது ஓர் எண்ணைத் திருப்பிக் கொடுக்கிறது. 0 என்றால் நல்லபடியாக முடிந்தது, வேறு எது வந்தாலும் ஏதோ சரியில்லை. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டு மாதிரி இதை நினைத்துக்கொள்ளுங்கள். 1-லிருந்து 11 வரை எண் உண்டு, எண்ணைக் கேட்டதுமே வல்லத்தை (சின்ன நாட்டுப்படகை) மேலே இழுத்துப் போடுவதா இல்லையா என்று கரையில் முடிவாகிவிடும், முழு அறிக்கையை யாரும் வாசித்துக்கொண்டிருப்பதில்லை. ஸ்கிரிப்ட்டும் நீங்கள் அச்சிடுகிற அழகான எரர் வாசகத்தை வாசிக்காது, எண்ணைத்தான் பார்க்கும்.

ஃபைல்களில் சொல் தேடும் கிரெப் கட்டளை இதில் நல்ல முன்மாதிரி. தேடியது கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, தேடவே முடியவில்லை என்றால் 2. நானும் அதையே பின்பற்றுகிறேன்: சரிபார் கட்டளையில் எல்லா வரியும் சரியென்றால் 0, தப்பான வரி இருந்தால் 1, ஃபைலே இல்லை, திறக்க முடியவில்லை என்றால் 2. இந்த மூன்றுக்கும் தனித்தனியாக ஒரு சோதனை எழுதுங்கள். கருவி முழுவதையும் விட்டுவிட்டு இந்த மூன்றை மட்டும் எழுதினாலும் பாதி நிம்மதி. ஏனென்றால் 1-ம் 2-ம் குழம்பினால், ஃபைல் பெயரை மாற்றி அடித்தவருக்கு "உங்கள் சீட்டில் தப்பு இருக்கிறது" என்று போய்ச் சேரும், அவர் அரை மணி நேரம் சீட்டைத் தடவிக்கொண்டிருப்பார்.

எரர் வாசகங்கள் ஸ்டாண்டர்டு எரர் என்ற தனி வழியில்தான் போக வேண்டும், கணக்கு மட்டும் ஸ்டாண்டர்டு அவுட்புட்டுக்கு. இரண்டையும் தனித்தனியாகப் பிடித்துச் சோதியுங்கள். அவுட்புட்டை ஒரு ஃபைலுக்குத் திருப்பி விட்டவரின் கணக்கில் நடுவே "எச்சரிக்கை: 14-ம் வரி" என்று ஒரு வரி புகுந்தால் எக்செல்லில் எல்லாம் ஒரு கட்டம் தள்ளிப்போகும்.

நிறம் போடுகிறீர்கள் என்றால் அவுட்புட் நிஜமாகவே டெர்மினலுக்குப் போகிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள், நோ கலர் என்கிற சூழல் மாறியை ஒருவர் வைத்திருந்தால் அதையும் மதியுங்கள். டெர்மினல் விஷயத்துக்குத் தனியாக ஒரு சோதனை தேவைப்படாது, சப்பிராசஸில் ஓட்டும்போது டெர்மினல் இருக்காது என்பதால் நிறக்குறிகள் கசிந்தால் மற்ற சோதனைகளே உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

பலர் விட்டுவிடுகிற ஒன்று: அவுட்புட்டை பைப் (ஒரு கட்டளையின் அவுட்புட்டை அடுத்த கட்டளைக்குக் கொண்டுபோகும் குழாய்) வழியாக ஹெட் என்ற கட்டளைக்குள் அனுப்பி முதல் பத்து வரியை மட்டும் பார்ப்பது. ஹெட் பத்து வரி வாங்கிக்கொண்டு பைப்பை மூடிவிடும், பைத்தான் அதற்கு மேல் எழுதப் பார்த்து பிரோக்கன் பைப் எரர் என்று நீளமாகக் கத்தும். சின்ன ஃபைலை வைத்துச் சோதித்தால் இது வெளியே வராது. லினக்ஸில் பைப் 64 கிலோபைட் வரை தாங்கிக்கொள்ளும், அதைவிடப் பெரிய அவுட்புட் வருகிற மாதிரி ஒரு சீட்டை உருவாக்கித்தான் பார்க்க வேண்டும்.

மீன் பெயர்கள்

இதுதான் நமக்கே உரிய தலைவலி, ஆங்கிலத்தில் எழுதிய வழிகாட்டிகளில் இதற்கு விடை எளிதில் கிடைக்காது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மீன் என்று எழுதினால் நமக்கு இரண்டு எழுத்து. யூனிகோடில் ம, ஈகாரக் குறி, ன, புள்ளி என்று நான்கு குறிகள். அதைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 12. உங்கள் கருவி "பெயர் 20 எழுத்துக்கு மேல் போனால் வெட்டு" என்று எங்காவது செய்கிறதா? எதை எண்ணி வெட்டுகிறது? பைட்டை எண்ணி வெட்டினால் எழுத்து உடைந்து கட்டமாகத் தெரியும், குறியை எண்ணி வெட்டினால் சில நேரம் கொம்பு போய் வேறு எழுத்தாகிவிடும். வெட்டவே வெட்டாதீர்கள் என்பது என் கட்சி. நெடுவரிசைகளை ஸ்பேஸ் போட்டு ஒழுங்காக நிறுத்தும் ஆசையையும் விட்டுவிடுங்கள், ஒரு டெர்மினலில் நேராக நிற்பது இன்னொன்றில் கோணும். டேப் போட்டுப் பிரித்துக் கொடுத்தால் எல்லோருக்கும் வேலை முடிந்தது.

அடுத்து கொடுவா. கொ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம்: க-வுக்குப் பின் ஒகரத்துக்கான ஒரே குறி, அல்லது க-வுக்குப் பின் எகரக் கொம்பு, அப்புறம் கால். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு ஒன்று 18 பைட், மற்றது 21. இரண்டு விதமாகவும் அடித்த வரிகள் ஒரே சீட்டில் வந்தால் கூட்டு கட்டளை கொடுவாவை இரண்டு முறை தனித்தனித் தொகையோடு காட்டும், பார்க்கிறவர் கருவி பைத்தியம் என்று முடிவு கட்டிவிடுவார். வாசிக்கும்போதே என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது, பைத்தானில் யூனிகோடுடேட்டா மாட்யூலில் ஒரு வரி வேலை. சோதனையில் இரண்டு வடிவத்தையும் எஸ்கேப் எண்களாகவே, அதாவது எழுத்துக்குப் பதில் அதன் யூனிகோடு எண்ணாகவே, எழுதி வையுங்கள். நேரடியாக அடித்து வைத்தால் உங்கள் எடிட்டரோ, உதவிக்கு வந்த வேறொருவரோ அதைச் சத்தமில்லாமல் ஒரே வடிவமாக்கிவிடலாம், சோதனை எதையும் சோதிக்காமலேயே பச்சை காட்டிக்கொண்டிருக்கும்.

ஆனால் திருத்துகிற உற்சாகத்தில் எல்லை தாண்டிவிடக் கூடாது. ஔகாரத்தை எகரக் கொம்பும் ள-வுமாக அடிக்கிறவர்கள் உண்டு. அதைக் கண்டால் ஔகாரக் குறியாக மாற்றிவிடலாமே என்று தோன்றும், அந்தத் திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லி வெளியாட்களிடமிருந்து புல் ரிக்வெஸ்ட்டும் வரும். மாற்றினால் கெளுத்தி போச்சு. கெ, ளு, த், தி என்பது நிஜமான எழுத்து வரிசை, அதில் ஔகாரமே கிடையாது. என் சோதனைத் தொகுப்பில் கெளுத்தி என்று ஒரு வரி நிரந்தரமாக இருக்கிறது, உள்ளே போனபடியே வெளியே வர வேண்டும். அதேபோல நெத்திலி என்று ஒருவரும் நெத்தலி என்று இன்னொருவரும் எழுதினால் கருவி ஒன்றாக்கக் கூடாது, அது கணக்குப்பிள்ளையின் முடிவு. வேண்டுமானால் அவரே ஒரு மாற்றுப்பெயர்ப் பட்டியல் கொடுக்கட்டும்.

கண்ணுக்குத் தெரியாத குப்பைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எக்செல் யூடிஎஃப்-8 என்று சேமிக்கும்போது ஃபைலின் தலையில் மூன்று பைட் அடையாளம் வைக்கும், அதைக் கழிக்காமல் வாசித்தால் முதல் நெடுவரிசையின் பெயர் பொருந்தாது. வாட்ஸப்பிலிருந்து ஒட்டியதில் அகலமில்லாத எழுத்துக்குறிகள் ஒட்டிக்கொண்டு வரலாம், பைத்தானின் ஸ்ட்ரிப் சாதாரண வெற்றிடங்களை எடுக்குமே தவிர இவற்றை எடுக்காது. விண்டோஸில் ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங் சொல்லாவிட்டால் பழைய கோடுபேஜில் வாசித்துத் தமிழ் முழுக்கக் கொசகொசவென்று வரும், ஆகவே எங்கே திறந்தாலும் சொல்லித் திறங்கள். தமிழ் எண்கள் மட்டும் ஆச்சரியமாக வேலை செய்யும்: ௧௨ என்பதை பைத்தானின் இன்ட் 12 என்று எடுத்துக்கொள்ளும். ௰ என்று பத்துக்கான குறியைக் கொடுத்தால் மறுத்துவிடும். ஏலச்சீட்டில் யாரும் அப்படி எழுதப் போவதில்லை, இருந்தாலும் மறுக்கும்போது வரி எண்ணோடு மரியாதையாக மறுக்கிறதா என்று பார்த்து வைத்தேன். 1,25,000 என்று நம் வழக்கப்படி காற்புள்ளி போட்டு வருவதுதான் நிஜத்தில் தினமும் நடப்பது, அதற்கான சோதனைதான் முக்கியம்.

பணம், தேதி, காலி ஃபைல்

பணத்தை ஃப்ளோட்டில் (தசமப் புள்ளி எண்ணில்) வைக்காதீர்கள், பைசாவாக முழு எண்ணில் வையுங்கள். 10,000 ரூபாயை மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 3,333.33, கூட்டினால் 9,999.99. அந்த ஒரு பைசா எங்கே என்று கடற்கரையில் கேட்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள், பைசாவுக்காகக் கேட்க மாட்டார்கள், கணக்கு உதைக்கிறதே என்று கேட்பார்கள். மிச்சப் பைசா யாருக்குப் போகும் என்று ஒரு விதி வைத்து அதை ரீட்மீயில் (கருவியோடு வரும் விளக்கக் குறிப்பில்) எழுதிவிடுங்கள். சோதனைக்கு ஹைபாத்தெசிஸ் என்ற நூலகம் இங்கே அருமையாக உதவும்: எந்தத் தொகை, எத்தனை ஆள் கொடுத்தாலும் பங்குகளைக் கூட்டினால் மொத்தம் வர வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டால், அதுவே விதவிதமான எண்களைப் போட்டு உடைக்கப் பார்க்கும்.

தேதியில் நம் ஐந்தரை மணி நேரம் வேலையைக் காட்டும். விடிகாலை 4 மணிக்குக் கரை சேர்ந்த படகுக்கு உலகப் பொது நேரமான யூடிசியில் முந்தைய நாள் இரவு 10.30. கிளவுடில் சோதனை ஓடும் கணினிகள் யூடிசியில்தான் இருக்கும், உங்கள் லேப்டாப்பில் பச்சையாக இருப்பது அங்கே சிவப்பாகும், அதுவும் சில மணி நேரங்களில் மட்டும். இன்றைய தேதி என்ன என்று கருவிக்குள்ளே நேரடியாகக் கேட்காமல் வெளியிலிருந்து கொடுக்க ஓர் ஆப்ஷன் வையுங்கள், சோதனையில் எப்போதும் அதைக் கொடுங்கள். அப்புறம் நேர மண்டலச் சூழல் மாறியை ஒரு முறை யூடிசி என்றும் ஒரு முறை ஆசியா, கொல்கத்தா என்றும் வைத்து ஓட்டி இரண்டிலும் ஒரே விடை வருகிறதா பாருங்கள்.

காலி ஃபைலை எல்லோரும் மறப்பார்கள், இங்கே மறக்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. மாதக் கணக்கை ஓட்டுகிறவருடைய மே மாத ஃபைலில் தலைப்பு வரி மட்டும்தான் இருக்கும். சராசரி விலை கேட்டால் பூஜ்யத்தால் வகுத்துக் கருவி செத்துப்போகும். காலியாக இருப்பது தப்பு ஆகாது, தொகை 0, எக்ஸிட் கோடும் 0. தலைப்பு வரிகூட இல்லாத, முழுக்கக் காலியான ஃபைல் வேறு கதை, அது 2.

புகார் வந்தால்

கிட்ஹப்பில் இஷ்யூ திறந்து எழுதுகிறவர்கள் சிலர்தான். மற்றவர்களிடமிருந்து வாட்ஸப்பில் வாய்ஸ் வரும்: "அண்ணே, நேத்து சரியா வந்துச்சு, இன்னைக்குக் கணக்கு தப்பா காட்டுதுண்ணே." இதற்கு "உங்கள் சூழலை விவரிக்கவும்" என்று ஒரு படிவத்தை நீட்டினால் அவர் மறுபடி வர மாட்டார். நான் மூன்று கேட்பேன்: வெர்ஷன் என்ன காட்டுகிறது, எந்த ஃபைல், எவ்வளவு வர வேண்டும் என்று நினைத்தீர்கள் தம்பி. கடைசிக் கேள்விதான் முக்கியம், பல நேரம் கருவி சரியாகவும் சீட்டு தப்பாகவும் இருப்பது அங்கேதான் தெரியும்.

ஃபைல் கையில் வந்ததும் தப்பு வருகிற அளவுக்குக் குறைத்துக்கொண்டே வாருங்கள், பாதி வரியை நீக்கு, இன்னும் வருகிறதா, அதில் பாதியை நீக்கு. இரண்டு மூன்று வரி மிஞ்சும். அதைச் சோதனையாக எழுதி அது தோற்கிறதா என்று முதலில் பாருங்கள், அப்புறம்தான் கருவியின் புரோகிராம் கோடைத் தொடுங்கள். ஆனால் அந்த வரிகளை அப்படியே ரெபோவில் போடாதீர்கள். அதில் படகுக்காரர் பெயர், பதிவு எண், யாருக்கு எவ்வளவு கடன் எல்லாம் இருக்கும், பொதுவில் போட்டால் கிட் வரலாற்றிலிருந்து எடுப்பது பெரும்பாடு. பெயரையும் தொகையையும் மாற்றுங்கள், எழுத்து வடிவத்தையும் குப்பைக்குறிகளையும் மட்டும் காப்பாற்றுங்கள்.

"நேத்து வந்துச்சு" என்பது உண்மை என்றால் கிட் பைசெக்ட் இருக்கிறது. சரியாக இருந்த ஒரு வெர்ஷனையும் தப்பான ஒன்றையும் சொல்லிவிட்டு, பைசெக்ட் ரன்னில் அந்தச் சோதனையைக் கொடுத்தால் நடுவிலிருந்து பாதி பாதியாகப் பிரித்து அதுவே தேடும், ஆயிரம் கமிட் (கிட்டில் பதிந்த மாற்றம்) இருந்தாலும் சுமார் பத்துச் சுற்றில் குற்றவாளி கிடைத்துவிடும். சோதனை 0 கொடுத்தால் நல்ல கமிட், 1 கொடுத்தால் கெட்டது, 125 கொடுத்தால் இதைச் சோதிக்க முடியவில்லை, தாண்டு என்று அர்த்தம். நடுவில் ஏதோ ஒரு கமிட்டில் கருவியை நிறுவவே முடியாது, அங்கே 125 திருப்பாவிட்டால் அப்பாவி கமிட் மாட்டிக்கொள்ளும். எக்ஸிட் கோடை முதலிலேயே ஒழுங்காக வைத்ததற்கு இங்கே பலன் கிடைக்கும்.

அடுத்தவர் அனுப்பும் கோடு

சோதனை இல்லாமல் வரும் புல் ரிக்வெஸ்ட்டைத் திருப்பி அனுப்பாதீர்கள், கல்லூரிப் பிள்ளைகள் முதல் முறையாக அனுப்புவார்கள், சோதனையை நீங்களே எழுதிச் சேர்த்துவிட்டு எப்படி எழுதினீர்கள் என்று காட்டுங்கள். கறாராக இருக்க வேண்டிய இடம் வேறு.

எதிர்பார்க்கும் அவுட்புட்டை ஃபைலாக வைத்து ஒப்பிடுகிற சோதனைகள் இருக்குமல்லவா, அந்த ஃபைல்கள் எல்லாம் கண்ணால் வாசிக்கக்கூடிய டெக்ஸ்டாக இருக்க வேண்டும். ஜிப், எக்செல், பைனரி எதுவும் வேண்டாம். 2024 மார்ச்சில், ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இஸட் யூட்டில்ஸில் கண்டுபிடித்த பின்கதவு (ரகசிய நுழைவழி) இப்படித்தான் உள்ளே வந்தது: தீய கோடு சோதனைக்கான பைனரி ஃபைல்கள் என்ற பெயரில் ஒளிந்திருந்தது, அதை வெளியே எடுத்து ஓட்டுகிற பில்டு ஸ்கிரிப்ட் துண்டு கிட்டில் இல்லை, ரிலீஸ் தொகுப்பில் மட்டும் இருந்தது. 5.6.0, 5.6.1 இரண்டு வெர்ஷனிலும் போய்விட்டது. களைத்துப்போன ஒற்றைப் பராமரிப்பாளரிடம் வருஷக்கணக்கில் உதவி செய்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் செய்த வேலை. வேறொரு கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் துருவிப் பார்த்ததால் மாட்டியது.

நம் கருவியை யாரும் அந்த அளவுக்குக் குறி வைக்கப் போவதில்லை. ஆனாலும் இரண்டு பழக்கம் இலவசம்: சோதனை ஃபைல்களை வாசித்துப் பார்க்காமல் சேர்க்காதீர்கள், ரிலீஸ் தொகுப்பை கிட் டேக்கிலிருந்தே (கிட்டில் அந்த வெர்ஷனுக்குப் போட்ட அடையாளம்) உருவாக்குங்கள், கையால் ஒட்டாதீர்கள். சார்புப் பேக்கேஜ்களையும் முடிந்தவரை குறையுங்கள். டேபிள் அழகாக வரைய ஒன்று, தேதிக்கு ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போனால் பிறகு அவர்கள் வெர்ஷன் மாற்றும்போதெல்லாம் உங்கள் சனிக்கிழமை போகும்.

ரிலீஸ்

மூன்று எண் வெர்ஷன் முறை போதும். அவுட்புட்டின் வடிவமோ எக்ஸிட் கோடின் அர்த்தமோ மாறினால் முதல் எண் ஏற வேண்டும், உள்ளே எவ்வளவு சின்ன மாற்றமாக இருந்தாலும் சரி. புதிய கட்டளை சேர்ந்தால் நடு எண், தப்பைத் திருத்தினால் கடைசி எண். எதிர்பார்ப்பு ஃபைல்களில் ஒன்றையாவது மாற்ற வேண்டி வந்தால் எந்த எண் ஏறுகிறது என்று நின்று யோசியுங்கள். சேஞ்ச்லாகைத் தமிழிலேயே எழுதுங்கள், "ரீஃபாக்டர் செய்யப்பட்டது" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை, "கொடுவா இரண்டு முறை வந்தது, இனி ஒரு முறைதான் வரும்" என்று எழுதுங்கள்.

ஒரு நெடுவரிசையை நீக்க வேண்டும் என்றால் உடனே நீக்காமல் ஒரு வெர்ஷன் முழுக்க ஸ்டாண்டர்டு எரரில் முன்னறிவிப்புக் கொடுங்கள். படகு கரை சேரும் நாளுக்கு முந்தைய இரவில் ரிலீஸ் போடாதீர்கள், மறுநாள் விடியும்போது ஏலக்கூடத்தில் உங்களைத் தேடுவார்கள். பெரிய உடைப்பு மாற்றங்களையெல்லாம் நான் தடைக்காலத்துக்குத் தள்ளி வைத்துவிடுவேன். வலை, இன்ஜின் பழுது பார்க்கிற நேரத்தில் கணக்குப்பிள்ளைக்கும் புதியதைப் பழகிப் பார்க்க நேரம் இருக்கும், தப்பு வந்தாலும் அப்போதும் கடலுக்குப் போகிற வல்லக்காரர்களின் கணக்கில் மட்டும்தான் வரும், அவர்கள் போனில் கூப்பிட்டுத் திட்டிவிட்டு உடனே பழைய வெர்ஷனுக்குப் போய்விடுவார்கள். அதற்காகவே பழைய வெர்ஷனுக்குத் திரும்பும் கட்டளையை ரீட்மீயின் மேலேயே வைத்திருக்கிறேன்.

கடைசியாக இன்னொரு ஆளிடமும் சாவி இருக்கட்டும், கிட்ஹப்பிலும், பைத்தான் பேக்கேஜ்களை வெளியிடும் பைபிஐயிலும், இரண்டு இடத்திலும். பெயருக்கு அனுமதி கொடுத்துவிட்டு விட்டுவிடாதீர்கள். அவருடைய லேப்டாப்பிலிருந்து அவரே ஒரு சின்ன ரிலீஸைப் போடட்டும், நீங்கள் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்காருங்கள். அவர் நின்று கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் ரிலீஸ் குறிப்பில் விட்டுப்போன ஒரு வரி, அதை அன்றைக்கே எழுதிச் சேர்த்துவிடுங்கள்.